அந்தம்மாவுக்கு ஒரு நட்சத்திரம்

பொறாமைப்படுவதற்கு உலகத்தில் ஆளா இல்லை? அடுத்த வீட்டுக்காரர் இருக்கிறார், கூடப் படித்தவர் இருக்கிறார், கூடப் பிறந்தவர் இருக்கிறார். நம் எழுத்தாளர் இவர்களையெல்லாம் விட்டுவிட்டுத் தன்னைப் பார்த்தே பொறாமைப்பட்டார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வரவில்லை.

முதலில் அவர் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்து நாவல் எழுதத் தொடங்கினார். பதிப்பாளர் என்று பின்னால் ஒருவரும் கிடையாது. எழுதுவதும் அவர், பிழை பார்ப்பதும் அவர், பக்கம் கட்டி மின்னூலாக இணையத்தில் ஏற்றுவதும் அவர், ஏற்றிய பிறகு தெரிந்தவர்களிடமெல்லாம் 'படிச்சீங்களா' என்று பல்லிளிப்பதும் அவரேதான். அட்டை மட்டும் ஒரு பெண் வரைந்து அனுப்புவாள். அடுப்படிக்குப் பின்னால் சின்னதாக ஓர் அறை. அதில் வாஷிங் மெஷினும் அவர் மேஜையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மெஷின் துணியைப் பிழியத் தொடங்கினால் மேஜையும் சேர்ந்து ஆடும்; அப்போது எழுந்து நின்றுகொள்வார்.

காலை முழுவதும் சொந்த நாவலுக்கு. ஒரு பத்தி எழுதுவார், வாய்விட்டுப் படிப்பார், பாதியை அடித்துவிடுவார். மதியத்துக்குள் ஒரு பக்கம் தேறிவிட்டால் அன்றைக்கு அவரைப் பிடிக்க முடியாது. இப்படிச் செதுக்கிச் செதுக்கி எழுதியதை நாலு பேர் மெச்சினார்கள். ஐந்தாவது ஆள் வரவேயில்லை. கட்டிய மனைவியே முதல் நாவலில் கொஞ்ச தூரம் போய்விட்டு, நல்லாத்தான் இருக்கு என்று மூடிவைத்தவள். அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

யோசனை சொன்னது அட்டை வரைகிற பெண். குடும்பக் கதையாக எழுதுங்கள், கொஞ்சம் மர்மம், கொஞ்சம் அழுகை, மேலே ஒரு பெண் பெயர், போகிறதா இல்லையா பாருங்கள் என்றாள். வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். காலை வேலையில் மூளை தீர்ந்துபோயிருக்கும். மதியம் துணியைக் கொடியில் உலர்த்திக்கொண்டே போனில் கதையைச் சொல்லிப் பதிவு செய்வார். சாயங்காலம் அதைக் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பார். கையில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு யாராலும் அலங்காரமாகப் பேச முடியாது. அதனால் அந்தக் கதைகளில் மனிதர்கள் மனிதர்களைப் போலவே பேசினார்கள். மூன்றாவது புத்தகத்தில் அந்தப் பெண் பெயர் பிய்த்துக்கொண்டு போயிற்று. அது யார் என்பது அவரையும் அட்டைக்காரப் பெண்ணையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் ஏதாவது படிப்பாள். ஒரு நாள் அறைக்குள் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது கேட்டு எட்டிப் பார்த்தார். படித்துக்கொண்டிருந்தது, அவர் அந்தப் பெண் பெயரில் எழுதிய அந்தம்மாவின் கதை.

அந்த நிமிஷமே 'அது நான்தான்' என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. இந்த மாதிரிக் கதைகளை, மூளையைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிற குப்பை என்று மைத்துனனை உட்கார வைத்துப் பிரசங்கம் செய்தவர் அவர். அவளும் பக்கத்திலேயே இருந்து கேட்டவள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? தவிர, அவள் சிரிப்பதை இன்னும் கொஞ்ச நாள் ஒளிந்திருந்து கேட்கலாம் என்ற நப்பாசை வேறு.

நப்பாசை சீக்கிரமே எரிச்சலாக மாறியது. வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தம்மா. அந்தம்மா என்ன அழகாச் சொல்றாங்க தெரியுமா என்றுதான் பேச்சே தொடங்கும். கடையில் புதுக் கண்ணாடி போட்டுக்கொள்கிறவர்களிடம், எழுத்து தெரிகிறதா பாருங்கள் என்று அந்தம்மாவின் கதையையே நீட்டுகிறாளாம். அதில் இரண்டு பேர், கண்ணாடி அப்புறம், முதலில் கதையின் பெயரைச் சொல்லுங்கள் என்றார்களாம். அவள் பெருமையாகச் சொல்லச் சொல்ல, இவருக்கு உள்ளே புகைந்தது. தன் பெயர் போட்ட புத்தகத்தை என்றைக்காவது ஒருத்தரிடம் நீட்டியிருக்கிறாளா?

உயிரைக் கொடுத்து எழுதுகிறவன் நான், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு வம்பளக்கிறவள் அவள், பேர் மட்டும் அவளுக்கா என்று பொருமினார். அந்த 'அவளு'க்கும் இதே கை, இதே வாய்தான் என்பது பொருமுகிற நேரத்தில் நினைவுக்கு வராது. சக்களத்தி வந்த வீட்டில் மூத்தவள் படுகிற பாட்டையெல்லாம் பட்டார். அந்தச் சக்களத்திக்குச் சோறு போட்டு வளர்ப்பதும் தானேதான் என்பது கூடுதல் கொடுமை.

நேருக்கு நேர் பார்த்துவிடலாம் என்று ஒரு முட்டாள்தனம் செய்தார். வருஷக் கணக்கில் இழைத்த தன் புது நாவலையும் அந்தம்மாவின் புதுக் கதையையும் ஒரே வாரத்தில் ஏற்றினார். அவருடைய நாவலைப் போனில் திறந்த மனைவி, கடையில் அன்றைக்கு ரொம்பக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனை நெஞ்சில் வைத்தபடியே தூங்கிப்போனாள். மறுநாள் வீடெல்லாம் புகை. ஓடிப்போய்ப் பார்த்தால் வாணலியில் வெங்காயம் தீய்ந்துகொண்டிருக்கிறது, அவள் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக அந்தம்மாவோடு நிற்கிறாள். வெங்காயத்தைவிட அவர் வயிறுதான் அதிகம் எரிந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. கற்பனைப் பெயர் ஒன்றில் வாசகனாகச் சேர்ந்து, அந்தம்மாவின் கதைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, கீழே நீளமாக ஒரு விமர்சனமும் எழுதினார். சொந்த நாவலுக்கு ஒதுக்கிய காலை முழுவதும் அதற்கே போனது. அடித்துத் திருத்தி எழுதினார். கதையில் ஒரு பஸ் காட்சி வரும். வேலை முடிந்து திரும்புகிற நாயகி தன் ஸ்டாப்பில் இறங்க மாட்டாள். அடுத்த ஸ்டாப் வரை போய் இறங்கி, அன்றைய நாளைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்து வருவாள். அதைத்தான் பிடித்துக் குதறினார். வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கும்போது எந்தப் பெண் இப்படிச் செய்வாள், வாழ்க்கை தெரியாதவர் எழுதிய காட்சி என்று முடித்தார். போட்டுவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் வந்த மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றவில்லை. எவனோ ஒருத்தன் அந்தம்மாவைக் கண்டபடி எழுதியிருக்கிறான், பஸ்ஸிலேயே உட்கார்ந்து பதில் போட்டுவிட்டேன் என்றாள். எழுத்தாளர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்ப் போனைத் திறந்தார். இப்படி எழுதியிருந்தாள்:

'ஐயா, நான் தினமும் ஒரு ஸ்டாப் தள்ளித்தான் இறங்குகிறேன். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் நான் உள்ளே வந்ததும் அன்றைக்குத் தான் எழுதியதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். எனக்கு என்ன நடந்தது என்று கேட்க மாட்டார். அதனால் நடந்து வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத ஒரு அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. படித்துவிட்டு பஸ்ஸில் அழுதேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிட்டுப் போங்கள், அந்தம்மாவை ஏன் திட்டுகிறீர்கள்?'

வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். என்னிடம் சொல்லாததை அந்தப் பொம்பளைக்காக ஊரறியச் சொல்லிவிட்டாளே என்று குமைந்தார். அடுத்த கணம்தான் உறைத்தது: அந்தப் பொம்பளை நான்தானே. இந்த அழுகை, இந்தச் சண்டை, இந்தப் பிரியம் எல்லாம் எனக்கு வர வேண்டியதல்லவா? சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. ஒரு நட்சத்திரத்தை மட்டும் உள்ளே முழுங்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார்.

அந்தம்மா என்று ஒருத்தி இல்லை, எல்லாம் நான் எழுதியது என்றார். அவள் நம்பவில்லை. போனில் இருந்த பதிவைப் போட்டுக் காட்டினார். ஈரத் துணியை உதறுகிற சத்தத்துக்கு நடுவே அவருடைய குரல் அந்த பஸ் காட்சியைச் சொல்லிக்கொண்டு போயிற்று. அவள் கடைசி வரை கேட்டாள். அவர் பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"இந்த பஸ் விஷயம் எங்கேருந்து கெடச்சுது உங்களுக்கு?"

அவர் தொழில் பெருமையோடு சொன்னார். பேனா வாங்கக் கடைத்தெருவுக்குப் போனபோது, எதிர்ப்பக்கம் அவள் பஸ்ஸைவிட்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறார். நம் ஸ்டாப் இது இல்லையே என்று பார்த்தால், உதடு அசைய அசைய மெதுவாக நடந்து போகிறாள். கூப்பிடவில்லை. ஏன் இப்படி நடக்கிறாள், என்ன சொல்லிக்கொள்கிறாள் என்று யோசித்துக்கொண்டே வந்தார். மறுநாள் அப்படியே சொல்லிப் பதிவு செய்துவிட்டார்.

"எல்லாம் என் கற்பனைன்னுதான் நெனச்சேன். நீ எழுதினதப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது, அத்தனையும் சரியாப் பிடிச்சிருக்கேன்னு."

அவள் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"அவங்க யாரோ ஒருத்தர். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கேன்னு அழுதேன். நீங்க என்னப் பாத்திருக்கீங்க. பாத்துட்டு வீட்டுக்கு வந்து, நான் உள்ள வந்ததும் உங்க நாவலப் பத்திப் பேசியிருக்கீங்க."

அன்றைக்கு அவள் போனை எடுக்கவில்லை, படிக்கவில்லை. செத்துப்போன சிநேகிதியை நினைத்துக்கொண்டிருப்பவள் போல ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்க அவருக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது. உயிரோடு ஒருத்தன் எதிரே இருக்கிறான், இவள் இல்லாத ஒருத்திக்காகத் துக்கம் காக்கிறாளே.

மறுநாள் காலை ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் அவள் கதவைத் திறந்து உள்ளே வந்ததும், எழுந்து போய்ப் பையை வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு எப்படிப் போச்சு உனக்கு?"

அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"எதுக்குக் கேக்குறீங்க? எழுதறதுக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அது உண்மையா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.