அம்மாவின் மூக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரியும்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டாள். தையல் போட்ட காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. முதலில் அது எங்கள் யாருக்கும் தெரியாது. ரசத்தில் பெருங்காயம் போட்டேனா இல்லையா என்று என் மனைவியை அடிக்கடி கேட்க ஆரம்பித்தாள். ஊசிப்போன சாம்பாரைச் சூடு பண்ணி எனக்குப் பரிமாறினாள். சந்தேகப்பட்டு மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். விழுந்த அதிர்ச்சியில் நரம்பு அறுந்திருக்கும், இனி வருவது கஷ்டம் என்றார் அவர். திரும்பும்போது ஆட்டோவில் அம்மா, "மூக்கு இருக்கு, வாசனை இல்ல, அம்புட்டுத்தானே" என்றாள். 

அப்போது மதுரையில், ஆனையூரில் இருந்தோம். நான் கப்பலூரில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்குப் பார்த்தேன். மனைவி உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் ஆளுக்கொரு திசையில் பஸ் பிடித்துப் போனால் சாயங்காலம் வரைக்கும் வீட்டில் அம்மா மட்டும்தான்.

ஒரு நாள் மனைவி வீடு திரும்பியபோது ஜன்னல் வழியே புகை வந்துகொண்டிருந்திருக்கிறது. பூனை வருமென்று அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு அம்மா முன்னறையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பருப்புச் சட்டி கருகி, பக்கத்தில் கிடந்த பிடிதுணி கங்காகி, அலமாரியின் கீழ்த்தட்டில் தீ பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் அணைந்துவிட்டது. ஆனால் அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. கூப்பிட்டதற்கு, பசிக்கலை என்றாள்.

அமெரிக்காவில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். அடுத்த லீவில் வந்தபோது அவள் பெட்டியிலிருந்து தோசை வட்டத்தில் வெள்ளையாக ஒன்றை எடுத்தாள். புகை பட்டால் கத்தும் அலாரம். "அங்க ரூமுக்கு ஒண்ணு இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை இந்தப் பட்டனை அமுக்கிப் பாக்கணும்மா, வேல செய்யுதான்னு" என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து அடுப்படி மேற்கூரையில் துளை போட்டு மாட்டினோம். அக்கா ஊருக்குப் போன மறுநாளே அம்மா மிளகாய் வறுக்க, அது தெருவே அலறும்படி கத்தியது. நான் துண்டால் விசிறி அதை அடக்கினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள், "எனக்கு மூக்கு போச்சுன்னு ஊருக்கே சொல்லுது இது."

அதைக் கழற்றி அடுப்படிக்கு வெளியே, நடையின் கூரையில் மாட்டினோம். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நிம்மதி. பிறகுதான் கீச்சென்ற சத்தம் ஆரம்பித்தது. ஒரு தடவை கத்தும், அப்புறம் சத்தமே இருக்காது, மறந்துபோகும் நேரத்தில் மறுபடி கீச். பல்லி என்றாள் அம்மா. எந்தத் திசையில் சொன்னது என்று பஞ்சாங்கத்தில் பலன்கூடப் பார்த்தாள். அலமாரியை நகர்த்தி, பரணில் ஏறித் தேடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அக்காவுக்குப் போன் போட்டேன். பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான் கத்துமாம். "ஒன்பது வோல்ட் பேட்டரி. ஆல்கலைன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்கு. இதுல என்ன கஷ்டம்?" என்றாள்.

என்ன கஷ்டம் என்று அவள் டவுன்ஹால் ரோட்டில் என்னோடு நடந்திருந்தால் தெரிந்திருக்கும். கட்டை பேட்டரி, பென்சில் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் உண்டு. சதுரமாக, தலையில் ரெண்டு குமிழோடு ஒன்று என்று கையால் காட்டிக் காட்டி நான் சலித்துப்போனேன். ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில்தான் இருந்தது. கடைக்காரர் அதன் குமிழ்களை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சுள்ளுனு இருக்குண்ணே, எடுத்துட்டுப் போங்க" என்றார். ஆல்கலைனா என்று கேட்டேன். "பேட்டரில என்னண்ணே, எல்லாம் ஒண்ணுதான்."

அவர் நாக்கு சொன்னது பொய்யில்லை, ஆனால் நாள் தாங்கவில்லை. ரெண்டு மாதம்கூட ஆகாமல் கீச். வேறு கடையில் பளபளவென்ற தாளில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தார்கள். அது அதைவிடச் சீக்கிரம் போனது. மூன்றாவதாக வாங்கியது நல்ல கம்பெனிப் பேட்டரி. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால் அதன் காலாவதி எப்போதோ முடிந்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். "பேட்டரி என்ன பால் பாக்கெட்டா சார், கெட்டுப் போறதுக்கு?" என்றார் அந்தக் கடைக்காரர். நான் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். வேறு ஏதோ வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அக்காவிடம் நீயே அனுப்பிவிடு என்றேன். அவள் தோழி ஒருத்தி மதுரைக்கு வரும்போது கட்டுக்கட்டாகப் பேட்டரி கொண்டுவந்து கொடுத்தாள். ஆசையாகப் பிரித்தேன். அத்தனையும் பென்சில் பேட்டரி. போனில் அக்கா, "அவ கடைல மாத்தி எடுத்துட்டாளோ என்னவோ, டிவி ரிமோட்டுக்கு வச்சுக்கோ" என்றாள். எங்கள் டிவிக்கு ரிமோட்டே கிடையாது.

இப்படியே ஸ்டூலில் ஏறுவதும் மூடியைத் திருகுவதும் பேட்டரியை மாற்றுவதுமாக ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மனைவி, அதைக் கழற்றி எறியுங்கள், நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு நாள் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா காதில் விழுந்துவிடுமோ என்று எனக்குப் பதறியது.

அந்த வருஷம் கரண்ட் கட் கடுமை. கம்பெனியில் மிஷின் ஓடாமல் ஒரு நாள் மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார்கள். ஆனையூரில் இறங்கித் தெருவுக்குள் திரும்பும்போதே எங்கள் வீட்டு அலாரம் அலறுவது கேட்டது. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். எதிர்வீட்டு அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அக்கா, எங்க வீட்ல கத்துதே, கேக்கலையா?"

"அது தெனமும் கத்தும் தம்பி, நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க" என்றார்.

உள்ளே போனால் புகையும் இல்லை, தீயும் இல்லை. நடையில் அம்மா நிமிர்ந்து நின்று ஒட்டடைக் கம்பின் நுனியால் அலாரத்தின் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு பற்றவே வைக்கப்படவில்லை. என்னைப் பார்த்ததும் கம்பை இறக்கினாள். சத்தம் நின்றது.

"என்னம்மா பண்றீங்க?"

"அடுப்புப் பத்த வைக்கப் போறேன். அதுக்கு முன்னாடி இது முழிச்சிருக்கான்னு பாத்தேன்."

"தெனமுமா?"

"நீங்க ரெண்டு பேரும் இல்லாதப்ப ஒவ்வொரு தடவையும்தான். காப்பிக்கு, சோத்துக்கு, நீங்க வர்றதுக்கு முன்னாடி பால் காய்ச்ச."

மதுரையில் ஒரு கடை பாக்கியில்லாமல் நான் போட்ட சண்டையெல்லாம் ஞாபகம் வந்தது. அந்தப் பேட்டரிகளும் லட்சணமானவை இல்லை என்பது வேறு விஷயம். "மாசத்துக்கு ஒரு தடவைன்னுதானம்மா அக்கா சொன்னா. இப்படி அமுக்கினா எந்தப் பேட்டரி தாங்கும்?" என்று குரலை உயர்த்தினேன்.

அம்மா கோபப்படவில்லை. "அது சும்மா இருந்தா, புகை இல்லைன்னு சும்மா இருக்கா, செத்துப்போய் சும்மா இருக்கான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? உங்களுக்கு மூக்கு இருக்கு. எனக்கு இதைத் தவிர என்ன இருக்கு?" என்றாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா அடுப்பைப் பற்ற வைத்து எனக்குக் காப்பி போட்டாள்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். காலையில் நாங்கள் கிளம்பும் முன் நானே ஒரு தடவை அமுக்கிக் காட்டுவேன். அதற்குப் பிறகு அம்மா கம்பைத் தொடக்கூடாது. எதிர்வீட்டில் போய், பகலில் இனிமேல் கத்தினால் நிஜம் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை. கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் ஒருவரிடம் ஆல்கலைன் பேட்டரி கிடைத்தது. கையில் பிடிக்கிற மைக்குக்கு அவருக்கு அதேதான் வேண்டுமாம். இம்புட்டு நாள் அலைந்ததற்கு இவரிடம் முதலிலேயே வந்திருக்கலாம் என்று எரிச்சலாக இருந்தது.

அது பல மாதங்கள் தாங்கியது. அம்மா பேச்சைக் காப்பாற்றினாள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு தடவை மத்தியானத்தில் அலாரம் கத்த, எதிர்வீட்டு அம்மா நிஜமாகவே வாளியோடு ஓடி வந்துவிட்டார். வடாம் பொரித்த புகை. சாயங்காலம் நான் வந்ததும் அம்மா குறைப்பட்டுக்கொண்டாள், "சொல்லாம கொள்ளாம அடுப்படி வரைக்கும் வந்துட்டாங்க. பாத்திரமெல்லாம் அப்படியே கெடந்துச்சு, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

"நல்லதுதானேம்மா, வந்தாங்களே" என்றேன்.

"நல்லதுதான். அடுத்த தடவை வாளியை வாசல்லயே வைக்கச் சொல்லு. தண்ணி பூரா நடையில கொட்டிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, துடைத்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.