குலுக்கை இருந்த மூலை

காசிமாயனின் வீட்டில் ஓர் அறைதான். அதன் ஒரு மூலையை ஆளுயரக் குலுக்கை அடைத்துக்கொண்டிருந்தது. தானியம் போட்டுவைக்க அவனுடைய அம்மா மாயக்காள் கல்யாணமாகி வந்த வருஷம் களிமண்ணைக் குழைத்து, வளையம் வளையமாக ஏற்றித் தன் கையால் செய்தது அது. வாசலைவிட அகலம். வெளியே எடுக்க வேண்டுமென்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

உடைக்கலாம் என்று சொன்னவள் அவன் மனைவி ஒச்சம்மாள்.

அது முப்பத்தாறாம் வருஷம். நாகமலைக்கு மேற்கே இருந்த அவர்கள் ஊரில் மழை பொய்த்து, குலுக்கைக்குள் எலிகூட இல்லை. காசிமாயன் எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை எழுதிக் கணக்கில் தவறியவன். தேறினால் வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம். காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாலும் இன்னொரு தடவை எழுதிப் பார்க்கும் ஆசை அவனை விடவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் ஆடு, நடுவில் படுக்கை. புத்தகத்தை விரித்தால் யாராவது தாண்டிப் போக வேண்டியிருந்தது.

“வெறுங்குலுக்கைதான அத்த. ஒடச்சுட்டா அவுக உக்கார எடம் கெடைக்கும்ல,” என்றாள் ஒச்சம்மாள்.

“குலுக்கைய ஒடச்ச வீட்ல தானியம் தங்குமாடி?”

“இப்ப மட்டும் தங்குதாக்கும்.”

உடைக்கிற அன்று மாயக்காள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போனவள் பொழுது சாய்ந்துதான் திரும்பினாள்.

உடைத்த மண்ணை ஊறவைத்து மிதித்து, அதிலேயே இரண்டு குட்டைச் சுவர் எழுப்பினார்கள். மேலே ஒரு பழைய வண்டிப் பலகையைப் போட்டதும் எழுதும் மேசை ஆயிற்று. வடக்குச் சுவரைக் கடப்பாரையால் குடைந்து வெளிச்சத்துக்கு வழி செய்தான் காசிமாயன். எழுதுகிற கையின் நிழல் தாளில் விழக்கூடாது என்று விளக்கு மாடத்தை இடது பக்கம் வைத்தான். சுண்ணாம்பு அடித்த சுவரில் பெரிய வாய்ப்பாடுகளைக் கரியால் எழுதினான். ஒச்சம்மாள் சாக்குகளைச் சேர்த்துத் தைத்து மறைப்புக் கட்டினாள். சாயங்காலம் திரிகை சுற்றுவதை விட்டு, மாவரைக்கும் வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டாள். பேச வரும் பெண்களிடம், “அவுக படிக்கிறாக, அங்கிட்டுப் போயிருவோம்” என்று வெளியே கூட்டிப் போனாள். சில வாரங்களில் அவனைத் தோற்கடித்த விகிதக் கணக்குகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

அந்த நேரத்தில்தான் பக்கத்து ஊரில் உழவு மாடுகள் களவு போயின. போலீஸ் வந்து இளவட்டங்களை வரிசையில் நிறுத்தியது. அது அந்தப் பகுதி முழுக்க ரேகைச் சட்டம் நடப்பிலிருந்த காலம். பிறந்த சாதியை வைத்தே ஆளைக் குற்றவாளியாகப் பதிந்து, கைரேகை எடுத்துக்கொள்வார்கள். பதிந்த ஆண்கள் இரவானால் ஊர்ச் சாவடியில்தான் படுக்க வேண்டும். காசிமாயனின் அப்பா சாகும்வரை அங்கேதான் படுத்தார். மாடு போன அன்று காசிமாயன் வீட்டில் படித்துக்கொண்டிருந்ததை ஊரே சொன்னது. போலீஸ் கேட்கவில்லை. அதுவரை பதிவில் ஏறாத அவன் கட்டை விரலிலும் மை தடவினார்கள்.

ஊர்த் தலையாரி சிவனாண்டி அவனுக்கு மாமன் முறை. அவரிடம் போய்க் கேட்டான்.

“மாமா, பரீட்ச முடியுற மட்டும் வீட்ல இருந்துக்கிறேன். வெளக்கு எரியும், நீங்க வந்து பாத்துக்கங்க.”

“நான் பாத்து என்ன மாப்ள செய்ய. ஏட்டு வந்து பேரு கூப்புடுறப்ப ஆளு சாவடியில கெடக்கணும். இல்லேன்னா ஒனக்கும் செயிலு, எனக்கும் வேல போயிரும்.”

“ஒரு வெளக்காச்சும் கொண்டாரட்டா?”

சிவனாண்டி தரையைப் பார்த்தார். “அம்புட்டு பேரும் ஒடம்பு நோகப் பாடுபட்டு வந்து படுக்குறான். வெளக்கு வச்சா ஒத்துக்கிருவானா?”

பேரை நீக்கச் சொல்லி மனு எழுதிப் போட்டான். பதில் வரவில்லை. பகலெல்லாம் வேலை, இருட்டினால் சாவடி. இரண்டுக்கும் நடுவில் சுவர் ஓட்டையில் வெளிச்சம் மங்குகிற நேரம் மட்டும் அவனுக்கு மிஞ்சியது. மற்ற நேரம் அந்த மூலை சும்மா கிடந்தது. பொய்த்த மழை அந்தப் பருவம் பார்த்துக் கொட்டியது. சோளம் நன்றாக விளைந்தது, போட்டுவைக்க இடமில்லை. மூட்டைகளை அவன் மேசைமேல்தான் அடுக்கினார்கள். ஈரச் சுவரில் பட்டுப் பாதி முளைவிட்டது. மாயக்காள் ஒருத்தியாக உட்கார்ந்து முளைத்ததைப் பொறுக்கி ஆட்டுக்குப் போட்டாள். மருமகளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று ஒச்சம்மாள் பிற்பாடு சொல்வதுண்டு.

பரீட்சை மதுரையில். ரேகை பதிந்தவன் என்பதால் ஊரைவிட்டுப் போகக் கிராம முன்சீப்பிடம் அனுமதிச் சீட்டு வாங்கினான். போன இடத்திலும் போலீஸ் ஸ்டேஷனில் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இருட்டோடு புறப்பட்டுக் காளவாசல் வழியாக நடந்து, விடிகிறபோதே ஸ்டேஷன் வாசலில் நின்றான். எழுத்தர் வரவில்லை என்றார்கள். வந்தபின் இன்ஸ்பெக்டர் வரட்டும் என்றார்கள். பரீட்சைக்கு வந்திருப்பதாகச் சொன்னதற்கு ஒரு போலீஸ்காரர் சிரித்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கணக்குப் பரீட்சை காலையில். பள்ளிக்கூட வாசலில் பையன்கள் தேர்வு முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவனிடம் ஒச்சம்மாள், “எழுதுனீகளா?” என்று கேட்டாள்.

“விடல.”

அவள் சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் சாப்பிடாமல் சாவடிக்குப் போனான், நேரமாகிவிட்டது.

மறுவருஷம் அவன் பரீட்சைக்குப் பணம் கட்டவில்லை. மேசைச் சுவரை அவனே இடித்தான். அந்த மூலையில் ஒச்சம்மாளுக்குத் தலைப்பிள்ளை பிறந்து, பத்து நாளில் காய்ச்சலில் போனது. பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். காசிமாயன் கண்மாய் வேலைக்கும் ரோட்டு வேலைக்கும் போனான். அதிகம் பேசமாட்டான். கூலிக் கணக்கில் யாருக்காவது சந்தேகம் வந்தால்கூட, “எனக்குத் தெரியாதுப்பா” என்று விலகிக்கொள்வான்.

நாற்பத்தேழில் ரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். சிவனாண்டியே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அன்று பொழுது சாய்ந்ததும் காசிமாயன் வழக்கம்போலத் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“இனி எங்க போறீக, வீட்லயே படுங்க,” என்றாள் ஒச்சம்மாள்.

படுத்தான். பெண் பிள்ளைகள் இரண்டும் அப்பா வீட்டில் படுப்பதைக் கண்டறியாதவை. கூச்சப்பட்டு அம்மாவின் அந்தப் பக்கம் நகர்ந்து போயின. சிறிது நேரம் பார்த்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் வெளியே வாசலில் போய்ப் படுத்தான். அதன் பிறகும் அங்கேதான் படுத்தான்.