தோப்புப் படலைத் திறந்து போட்டது யார்

பிள்ளைகளே, உங்களைப் படிக்க வைத்தது நம் டீக்கடை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழுவதும் சரியில்லை. கடைக்கு எதிரே இருந்த மாந்தோப்புக்கும் அதில் பங்கு உண்டு. அந்தத் தோப்பு நம்முடையது இல்லை.

திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருடம் செங்கம் ரோட்டில் கடை போட்டேன். தோப்பு, டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு பாயுடையது. அதன் நடுவே அவருடைய வண்டிப்பாதை போகும். அந்தப் பாதையில் நடந்தால் ஒரு டீ ஆறுகிற நேரத்தில் மலை அடிவாரத்துக்குப் போய்விடலாம். இல்லையென்றால் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ரோட்டுப் பக்கம் மூங்கில் கழியும் முள்ளும் வைத்துக் கட்டிய படல் ஒன்றுதான் கதவு. பூட்டு கிடையாது.

மலை ஏற வருகிறவர்கள் என்னிடம்தான் வழி கேட்பார்கள். வெள்ளைக்காரர்கள், பெங்களூர்ப் பையன்கள், மெட்ராஸிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் என்று எல்லோரும் உண்டு. மலையே சாமி என்பதால் முக்கால்வாசிப் பேர் செருப்பை என் பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டுப் போவார்கள். செருப்பை எடுக்கத் திரும்பி வரும்போது இன்னொரு டீ குடிப்பார்கள். ஏரிக்கரைப் பக்கம் அனுப்பினால் செருப்பும் வராது, இரண்டாவது டீயும் வராது. அதனால் தோப்பைத்தான் காட்டினேன். யாரையும் கேட்கவில்லை.

ஒரு நாள் பாய் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன டீக்காரரே, என் தோப்பை கவர்மென்ட் ரோடு ஆக்கிட்டீங்க போல?"

"மலைக்குப் போறவங்க பாய். வழி கேக்கறாங்க. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"சொல்லாதீங்க. மலைக்குப் போறவங்களை மறிச்சி எனக்கு என்ன ஆவப்போவுது? புதுசா ஒட்டுக்கன்னு வச்சிருக்கேன், ஆடு பூந்துடக் கூடாது. படலைச் சாத்திட்டுப் போகச் சொல்லுங்க, அது போதும். வெள்ளக்காரன் கிட்ட இங்கிலீஷ்ல சொல்லத் தெரியுமா?"

"கேட் க்ளோஸ்."

"பிளீஸ் போடுங்க" என்று சிரித்தார். "கம்மியா பேசினாலும் மரியாதையா பேசணும்."

அவர் கேட்டது அது ஒன்றுதான். கொஞ்ச நாள் ஒழுங்காகச் சொன்னேன்.

அந்தப் பாதையில் புல்லுக்காரப் பெண்களும் போவார்கள். காலையில் வெறுங்கையோடு போய், அடிவாரத்தில் புல் அறுத்து, புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்போது திரும்புவார்கள். டவுனில் மாடு வைத்திருக்கிறவர்களிடம் விற்பார்கள். நீங்கள் புல்லு அத்தை என்று கூப்பிடுகிறீர்களே, அவரும் அதில் ஒருவர். வரிசையில் கடைசியாக வருகிறவர் அவர்தான். தலையில் இருக்கிற கட்டு ஆடாமல், திரும்பிப் பார்க்காமல், ஒரு காலைப் பின்னால் நீட்டி, படலின் அடிக்கழியைக் கால்விரலால் கவ்வி இழுத்துச் சாத்திவிட்டு வருவார். தினமும் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் தவறியதில்லை.

கார்த்திகை தீபம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. புல்லுக்காரப் பெண்கள் திரும்பிப் போன பிறகு, பையன்கள் கும்பலாக வந்து வழி கேட்டார்கள். டீ ஆற்றிக்கொண்டே தாடையால் தோப்பைக் காட்டினேன். படலைப் பற்றிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் படல் ஆவென்று திறந்து கிடக்கிறது. இந்தப் பால் காயட்டும், போய்ச் சாத்தலாம் என்று நினைத்தேன். அடுத்த பாலும் காய்ந்தது. நான் போகவில்லை.

மதியம் பாய் வந்தார். தோப்புக்குள் போனவர் திரும்பி வரும்போது கையில் ஒரு ஒட்டுக்கன்று இருந்தது. இலை ஒன்றுகூட இல்லை, வெறும் குச்சி.

"அத்தனையும் ஆடு மேஞ்சிட்டுப் போயிருக்குது. இந்தப் புல்லுக்காரிங்க வேலைதான். தலையில கட்டை வச்சிக்கினு எவ குனிஞ்சி படலைச் சாத்துவா? இல்லையா டீக்காரரே?"

அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பால் சட்டியைப் பார்த்தேன். அது பொங்கவும் இல்லை, ஒன்றுமில்லை. ஆனாலும் கரண்டியை எடுத்துக் கிண்டினேன்.

"மலைக்குப் போறவங்க போகட்டும். அதுங்க இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது. எதிர்லயே இருக்கிறீங்க, நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

மறுநாள் காலை, தப்புச் செய்த நானே படல் முன்னால் நின்று அவர்களை மறித்தேன்.

"பாய் வேணாம்னுட்டாரு. ஆடு பூந்து கன்னெல்லாம் போச்சாம்."

"அதுக்கு நாங்க என்னண்ணா பண்ணோம்?" என்று கேட்டார் புல்லு அத்தை. "நான் சாத்திட்டுத்தானே போறேன்? நீ பாத்துக்கினுதானே இருக்கிற? நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"எனக்கு என்னம்மா தெரியும்? நான் யாவாரத்தைப் பாக்கறேன்."

கூட இருந்த ஒருத்தி, "அண்ணனுக்கு செருப்புக்குக் காவல் இருக்கவே நேரம் பத்தல, விடுக்கா" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. ஏரிக்கரைப் பக்கம் திரும்பி நடந்தார்கள்.

அதற்கப்புறம் அவர்கள் கட்டோடு ஏரிக்கரை சுற்றி, மெயின் ரோடு ஓரமாக வந்தார்கள். பஸ்காரன் பின்னாலேயே ஹாரனை அழுத்திக்கொண்டு வருவான். மாசி மாத வெயிலில் ஒரு நாள் அத்தை என் கடை முன்னால் நின்று தண்ணீர் கேட்டார். கட்டை இறக்கினால் மறுபடி தூக்கி வைக்க ஆள் வேண்டும். அதனால் கட்டோடு நின்றபடியே ஒரு கையைக் குழித்து வாயருகே வைத்துக்கொண்டார். நான் சொம்பிலிருந்து ஊற்றினேன். குடித்துவிட்டு, "நல்லா இருண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். குத்திக் காட்டவில்லை, மனதாரத்தான் சொன்னார். ஏதாவது திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலையே கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு இரும்புக்கடைக்குப் போனேன்.

"பாய், அன்னிக்குப் படலைத் தொறந்து போட்டது எங்கிட்ட டீ குடிச்ச பசங்க. நான்தான் சாத்தச் சொல்லல. தொறந்து கெடந்ததையும் பாத்தேன்."

பாய் கையிலிருந்த ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"பாதையை அடைச்சிடுவீங்களோன்னு பயம் பாய்."

"கன்னு போனா வேற வச்சிக்கலாம். பொம்பளைங்களை அநியாயமா நிறுத்திட்டேனே. ஜாஸ்தி பண்ணிட்டீங்க டீக்காரரே." பிறகு சொன்னார்: "நீங்களே போயி கூப்பிடுங்க. சும்மா வரச் சொன்னா போதாது. நடந்ததைச் சொல்லிக் கூப்பிடுங்க."

அடுத்த நாள் ஏரிக்கரையில் போய் நின்றேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். அவர்கள் வந்தார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"பாய் வரச் சொல்லிட்டாரு. இனிமே தோப்பு வழியாவே போங்க" என்றேன். மீதி வாயிலிருந்து வரவில்லை.

அத்தையின் முகம் மலர்ந்துபோனது. "பெரிய மனசு அவருக்கு. தப்பு எங்களுதாவே இருக்கட்டும், இனிமே ஜாக்கிரதையா சாத்திக்கிறோம்னு சொல்லுண்ணா. நீயும் எங்களுக்காகப் பேசியிருப்ப, எனக்குத் தெரியும்."

நான் தலையை ஆட்டினேன்.

பாய் பிறகு ஒரு தரம் கேட்டார்: "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் பாய்."

அவர் நம்பினார். அதனால் அவர்களிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர்களும் பழையபடி தோப்பு வழியாகப் போய் வந்தார்கள். அத்தை படலை முன்னைவிடக் கவனமாகச் சாத்தினார். சாத்திய பிறகும் ஒரு தரம் நின்று, கட்டோடு மெதுவாக உடம்பைத் திருப்பி, சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவார். செய்யாத தப்புக்கு அப்படிப் பார்த்தார். எதிரே நின்று டீ ஆற்றிக்கொண்டே நான் அதைப் பார்த்தேன்.

இப்போது தோப்பு மனைகளாகிவிட்டது. பாய் காலமாகிவிட்டார். மலை ஏறுகிறவர்கள் வேறு வழியாகப் போகிறார்கள். அத்தைக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. போன பொங்கலுக்கு நீங்கள் போய்க் காலில் விழுந்தபோது, "உங்கப்பன் எங்களுக்காக பாய் கிட்ட வழி வாங்கிக் குடுத்த மனுஷன்" என்று சொன்னாராமே. நீங்கள் வந்து பெருமையாகச் சொன்னீர்கள். அதனால்தான் இதை எழுதினேன்.

அவரிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட்டேன். இதுவும் முறையில்லைதான்.