அரைமண்டியில் கட்டிய துணி

சரித்திரப் படம் பார்க்க உட்கார்ந்தால் எனக்குக் கதை மண்டையில் ஏறாது. ராஜகுமாரி முதுகைத் திருப்பினால் போதும், ஜிப் தெரிகிறதா என்றுதான் கண் போகும். உடை வடிவமைக்கும் வேலைக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்ட வியாதி இது. சோழர் காலத்துப் படம், படப்பிடிப்பும் என் ஊரான கடலூர்ப் பக்கம்தான் என்று கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நடனக் காட்சியில் தையல் இருக்கக் கூடாது. ஒரே நீளத் துணி, இடுப்பைச் சுற்றி, கால்களுக்கு நடுவே கொடுத்து, பின்னால் செருகியது. இயக்குநர் ஒப்புக்கொண்டார், ஆனால் அரை மனதாக.

ஆட வந்தவள் குமராட்சிப் பக்கத்துப் பெண். அப்பா நடவு, அறுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர். இவள் சிதம்பரத்தில் நாட்டியம் படித்துவிட்டு ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஒத்திகை வைத்தோம். "நேரா நில்லும்மா" என்று நிறுத்தி, நானே இழுத்து இறுக்கிக் கட்டினேன். எனக்கு அவ்வளவு பெருமை. ஜதி ஆரம்பித்து, அவள் முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து எழுந்த மூன்றாவது தடவையிலேயே பின்செருகல் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே இறுக்கமான கால்சட்டை போட்டிருந்தாள்தான். ஆனாலும் மேளக்காரர்கள், லைட்காரர்கள், சமையல் ஆட்கள் என்று மண்டபம் முழுக்க ஆட்கள். துணியை அள்ளிப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ஷூட்டிங் அன்னிக்கு அப்பா வர்றாரு. அவரு முன்னாடி இப்படி ஆச்சுன்னா சலங்கய கழட்டி வெச்சுட்டு ஊட்லதான் உக்காரணும்" என்றாள்.

இயக்குநர் ஜிப் வைத்துத் தைத்துவிடச் சொன்னார். நான் கத்தினேன். அந்தக் காலத்தில் ஆடியவர்களுக்கு அவிழவில்லையே, நமக்கு மட்டும் ஏன் அவிழ்கிறது என்று கேட்டேன். "அவுங்களுக்கு அவுந்துச்சா இல்லயான்னு உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றார். வீட்டுக்குப் போனதும் கோபம் வடிந்து வெட்கம் வந்தது. என் பிடிவாதத்துக்கு நான் பணயம் வைத்தது அவளுடைய சலங்கையை. தையல் மெஷினை இழுத்துப் போட்டு, ஜிப் வைத்த ஒன்றை நானே தைத்து முடித்தேன்.

ஆனாலும் இயக்குநர் கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவில்லை, மறுநாள் காலை கோயில் சிற்பங்களைப் பார்க்கச் சிதம்பரம் பஸ் ஏறினேன். கிழக்குக் கோபுர வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும் நாட்டியப் பெண்கள் கட்டம் கட்டமாக மேலே ஏறிப் போகிறார்கள். எத்தனையோ தடவை வந்து படம் எடுத்திருக்கிறேன், எல்லாம் ஒட்டியாணம், மாலை, கொண்டை. அன்றைக்குத்தான் முழங்கால்களைப் பார்த்தேன். காலைச் சேர்த்து வைத்து, அளவு கொடுக்கிற மாதிரி விறைப்பாக நின்றவள் என் கண்ணில் ஒருத்திகூடப் படவில்லை. எல்லாம் மடிந்த கால்கள், அகன்ற கால்கள், தூக்கிய கால்கள். அளவெடுக்கிற எங்களுக்கு வாயில் முதலில் வருவதே "நேரா நில்லும்மா" தான். அங்கேதான் தப்பு செய்திருந்தேன்.

முதுகைத் திருப்பி நின்ற ஒருத்தியிடம் செருகலைக் கண்டேன். பிறகு ஒரு காலை ஏறக்குறைய நிமிர்த்தி நின்ற இன்னொருத்தி. அவளுக்குத் தொடை நடுவே துணி லேசாகத் தொய்ந்து, மூன்று சின்ன மடிப்பாக விழுந்திருந்தது. உட்கார்ந்த நிலையில் கட்டிய துணிதான் எழுந்து நின்றால் அப்படித் தொய்யும். யாரும் அண்ணாந்து பார்க்காத உயரத்தில், அந்தத் தொய்வைக்கூட விடாமல் ஒருவர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனை நூறு வருஷமாக இதைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருக்கிறோம்! கையெடுத்துக் கும்பிட்டேன்.

பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா, "வழியில நின்னு என்னாத்தம்மா கும்புடுற? சாமி உள்ள இருக்குது" என்றார்.

மதியம் மண்டபத்தில் கதவைச் சாத்திவிட்டு, அவளை அரைமண்டியில் உட்காரவைத்து, நான் தரையில் மண்டிபோட்டுக் கட்டினேன். "சீக்கிரம்க்கா, தொட நடுங்குது" என்றாள். கட்டி முடித்ததும் ஆடினாள். குதித்தாள், சுழன்றாள், காலைத் தோளுக்குத் தூக்கினாள். செருகல் அசையவே இல்லை. நிமிர்ந்து நின்றபோது தொடை நடுவே அதே மூன்று மடிப்பு விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜிப் வைத்ததையும் அவள் கையில் கொடுத்து, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், எனக்கு வருத்தமில்லை என்றேன். அதையும் போட்டு ஒரு தடவை ஆடிப் பார்த்தாள். "இது உக்காந்தா இடுப்ப புடிக்குது. அதையே கட்டுக்கா."

படப்பிடிப்பு அன்று அவள் அப்பா சலவைச் சட்டையில் வந்து கூட்டத்தின் ஓரமாக நின்றார். மேளம் தொடங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் இடுப்பையே பார்த்தேன். கடைசி ஜதி வரை துணி நின்றது. கைதட்டல் எழுந்ததும் அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அவர் பின்னால் இருந்த சவுக்குத் தோப்பைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

பக்கத்தில் போனேன். "முடிஞ்சுதாம்மா?" என்றார் திரும்பாமலே.

"ஏன் பாக்கல நீங்க?"

"ஒத்திகயில துணி அவுந்துபோச்சுன்னு எங்க ஊரு ஆளு ஒருத்தரு சொன்னாரு, சமையலுக்கு வந்தவரு. இன்னிக்கும் அப்படி ஆயி நான் பாத்துட்டேன்னா புள்ள அதோட ஆடாது. அதான் திரும்பிக்கினேன். வராமயும் இருக்க முடியல."

நான் அதற்கு முன் எந்த இயக்குநரிடமும் கெஞ்சியதில்லை. அன்று ஓடிப்போய் இன்னொரு தடவை எடுங்கள் என்று கெஞ்சினேன். என்ன நினைத்தாரோ, சரி என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவளே அந்த உடையோடு சலங்கை குலுங்க நடந்து வந்து அப்பா எதிரில் நின்றாள். "அவுராதுப்பா. இந்தப் பக்கம் திரும்பிப் பாரு."

அவர் திரும்பினார். அந்தத் தடவை துணியை நான் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஜதி முடியும்வரை அவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.