சலங்கையை ஒளித்த பெண்ணைத் தேடி ஆண்டர்சன்பேட்டைக்கு

கோலார் தங்கவயலுக்கு எல்லோரும் சுரங்கம் பார்க்கத்தான் போவார்கள். நான் போனது வயிற்றெரிச்சலில். 2000 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பற்றிக் கதை எழுதும் நண்பர்கள் சிலர் அங்கே போக வழி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வழியோடு, அங்கே நான் செய்த வேலையையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

சென்னையில் ஒரு பதிப்பாளர், பதின்வயதுப் பிள்ளைகளுக்காக, உடற்குறை உள்ள ஒரு பிள்ளையைப் பற்றிய கதைப் புத்தகம் போட நினைத்தார். ஒன்றே ஒன்று. கடைசியில் மிஞ்சியவை இரண்டு கையெழுத்துப் பிரதிகள்: ஒன்று என்னுடையது, இன்னொன்று தங்கவயலில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்க்கும் கலாவதி என்பவருடையது. மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? என்னுடையதை அவருக்கும் அவருடையதை எனக்கும் அனுப்பி, ஆளுக்கொரு கருத்து எழுதச் சொல்லிவிட்டார்.

என் கதையில் கண் தெரியாத ஒரு பையன். தங்கமானவன். யாரையும் கடிந்து பேசமாட்டான். கடைசியில் ஆபரேஷன் நடந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். எழுதும்போது நானே அழுதேன், பொய் சொல்லவில்லை.

கலாவதியின் கதையில், போலியோவில் கால் போன பதினாலு வயதுப் பெண், பள்ளி விழாவில் ஆடப்போகும் தோழியின் சலங்கையை ஒளித்து வைத்துவிடுகிறாள். தோழி ஆடவில்லை. இவள் கடைசிவரை சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை. படித்து முடித்தபோது ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. பாவி, இப்படி எழுதிவிட்டாளே என்று மனசு கொதித்தது. ஊனமுற்ற பெண்ணை (அப்போது அப்படித்தான் சொல்வோம்) இப்படியா கெட்டவளாகக் காட்டுவது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டேன். அந்த ஊரில் நிஜமாகவே அப்படி ஒரு பெண் இருந்து, அவள் வீட்டார் கோபித்துக்கொண்டால் என் வேலை சுலபமாகிவிடும். கலாவதிக்குக் கடிதம் போட்டேன். ஞாயிறு மூன்று மணிக்கு வாங்க, உங்க கதையையும் எடுத்துக்கிட்டு வாங்க என்று பதில் வந்தது.

சென்னை சென்ட்ரலில் காலை 7.15-க்கு ரயில். பங்காரப்பேட்டை சுமார் 290 கிலோமீட்டர், இரண்டாம் வகுப்பு 63 ரூபாய், 12 மணிக்கு இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் தட்டை இட்லி, தண்ணியான சாம்பார், 8 ரூபாய். 12.40-க்கு மாரிக்குப்பம் வண்டி, 16 கிலோமீட்டர், 4 ரூபாய். வலதுபக்க ஜன்னலைப் பிடித்தேன், தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் நன்றாகத் தெரிந்தன. மாரிக்குப்பத்திலிருந்து ஆண்டர்சன்பேட்டைக்கு ஆட்டோ 15 ரூபாய். டிரைவர் வழியெல்லாம் மைன்ஸ் மூடப்போகிறார்கள் என்ற பேச்சைப் பற்றியே புலம்பிக்கொண்டு வந்தார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கலாவதியைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதவர் யாரு என்றார். அதுவும் பொறுக்கவில்லை.

கலாவதி நாற்பது வயது இருப்பார். காபி கொடுத்து, முன்னறையில் பாயில் உட்கார்ந்திருந்த ஐந்து பிள்ளைகளைக் காட்டினார். ஒருவனுக்குப் பார்வை இல்லை, இரண்டு பேர் காலில் காலிப்பர் கம்பி, ஒருத்திக்குக் கை நடுக்கம், ஒருவனுக்குப் பேச்சு திக்கும். எழுதுவதை எல்லாம் கலாவதி ஞாயிறுதோறும் இவர்களுக்கு வாசித்துக் காட்டுவாராம். ஆளுக்கொரு தகரத் தட்டும் கரண்டியும் இருந்தன. எதற்கு என்று கேட்டேன். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றிச் செல்லும் கேஜ் ஏறி இறங்க மணி அடிப்பார்கள் இல்லையா, அந்தக் கணக்குதானாம். ஓடும்போது ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் கீழே இறக்கு. வாசிப்பிலும் அப்படித்தான், ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இன்னும் ஆழமாகப் போ. பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாம் ஷாஃப்டில் வேலை செய்தவர்கள், இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

“உங்க கதைக்கு நான் கருத்து எழுதறதைவிட இவங்க சொல்லட்டும் சார். படிங்க” என்றார் கலாவதி.

குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். இரண்டாவது பத்தியிலேயே ஒரு தட்டு. அடித்தது காலிப்பர் போட்ட ஜெயந்தி, பதினைந்து வயது. “இவன் இன்னா சார் எப்பப் பாத்தாலும் சிரிச்சிக்கினே கீறான்?” என்று கேட்டாள். சமாளித்து மேலே போனேன். மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி, மறுபடி. ஒருமுறைகூட இரண்டு தட்டு விழவில்லை. ஆபரேஷன் கட்டத்தில் ஐந்து கரண்டியும் ஒன்றாக விழுந்தன.

பார்வையில்லாத பையன்தான் பேசினான். “கண்ணு வந்துட்டா அவன் வேற ஆளு சார். எங்க கதை எங்க போச்சு?”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவமானத்தைவிடப் பொறாமைதான் அதிகம் எரிந்தது. பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன், எனக்கு இப்படி ஐந்து பேர் எங்கே இருந்தார்கள்? பாராட்டிக் கைகுலுக்கியவர்கள்தான் உண்டு.

கிளம்பும்போது ஜெயந்தி வாசல்வரை வந்தாள். அந்தக் கதை உன்னைப் பற்றியதா, வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். பேரை மாற்றியிருப்பதால் யாருக்கும் தெரியாது என்றாள்.

“நான்தான் சார் ஒளிச்சேன். அவகிட்ட இன்னும் சொல்லல. அக்கா மொதல்ல கடைசில மன்னிப்பு கேக்கற மாதிரிதான் எழுதுனாங்க. நான் தட்டை ஒரு அடி அடிச்சேன், நிறுத்திட்டாங்க. புக்கு வந்தா அதையே அவளுக்குக் குடுத்துடுவேன். படிச்சா புரிஞ்சிக்குவா.”

மாலை 5.10-க்கு மாரிக்குப்பத்தில் திரும்பும் வண்டி. பங்காரப்பேட்டை வருவதற்குள் கருத்தை எழுதி முடித்துவிட்டேன். அருமையான நடை, புதுமையான களம் என்று தாராளமாகப் புகழ்ந்தேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னேன்: கடைசியில் அந்தப் பெண் தோழியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிகள் வாங்காது. எந்த இடத்தில் அடித்தால் விழும் என்று தெரிந்துதான் எழுதினேன். பதிப்பாளர் அதையே கேட்க, கலாவதி முடியாது என்று பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

என் புத்தகம் வந்தது. என் கதையைப் பற்றி கலாவதி என்ன எழுதினார் என்று பிறகு பதிப்பாளர் காட்டினார். இரண்டே வரி: பையனை ஒருதடவையாவது கோபப்பட விடுங்கள், விட்டால் நல்ல புத்தகம், போடுங்கள். நான் விடவில்லை. மூன்று பதிப்பு போயிற்று, பள்ளிக்கூட நூலகங்களில் இன்றும் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: மேலே சொன்ன கட்டணமெல்லாம் அப்போதையது, இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் காலம் வேண்டாம். மாரிக்குப்பம் வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு வாசிப்பு இன்னும் நடப்பதாகக் கேள்வி, பிள்ளைகள் மட்டும் வேறு. எழுதியதை எடுத்துக்கொண்டு போங்கள், அவர்கள் தட்டினால் நிறுத்துங்கள். ஜெயந்தி அங்கேதான் டைலர் கடை வைத்திருக்கிறாளாம். பார்த்தால், தோழியிடம் கடைசியில் எப்படிச் சொன்னாள் என்று எனக்காகக் கேட்டு வாருங்கள். நேரில் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் கேட்கும்போதும் என் பெயர் வேண்டாம்.