உள்பக்கம் திறந்த கதவுகள்

கான்ட்ராக்ட் எழுதுவதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் கொள்முதலும் கட்டட வேலையும் என் பொறுப்பு. சிமெண்ட் மூட்டை மழையில் நனைந்தால் யார் பொறுப்பு என்பது வரை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான்தான் பன்னிரண்டு ரூம்களையும் கெடுத்து வைத்தேன்.

பழைய ரூம்கள் விதிப்படி இல்லை என்று லைசென்ஸை நிறுத்தியிருந்தார்கள். புதிதாகக் கட்டி, இன்ஸ்பெக்ஷன் முடிந்தால்தான் வெடிமருந்தைத் தொடலாம். அதுவரை சுற்றுப்பட்டிப் பெண்களுக்கு வேலை இல்லை. அவர்களில் ஒரு அக்கா, பல வருஷமாக அங்கே தரைச்சக்கரம் சுற்றியவர். பிளஸ் டூ முடித்த மகளை இந்தக் கூலியில்தான் காலேஜில் சேர்க்க வேண்டும். தினமும் காலையில் கம்பெனி கேட்டுக்கு வந்துவிடுவார்.

"எப்ப சார் தொறப்பீக? சேக்குறதுக்கு நாள் நெருங்குது."

"இந்தா, முடிஞ்சிரும்க்கா" என்பேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து பைக்கைப் பின்பக்கமாக விட்ட நாட்களும் உண்டு.

சுவர் வேலை கொத்தனாருக்கு. நிலையும் கதவும் திருத்தங்கல் ஆசாரிக்கு. பட்டாசு ரூமில் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் முட்டித் தள்ளிக்கொண்டு ஓடவேண்டுமே. அதை ஆசாரியின் ஆர்டரில் கொட்டை எழுத்தில் போட்டேன். கொத்தனாரின் ஆர்டரில் போடவில்லை. கதவு அவர் வேலை இல்லையே! ஆனால் நிலையை எந்தப் பக்கம் பார்த்து நடுவது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. மனுஷன் வீட்டுக்கு வைப்பதைப் போலவே, கதவு உட்காரும் வெட்டு உள்ளே இருக்கும்படி நட்டுவிட்டார்.

நிலை வைத்த அன்று நானும் அங்கேதான் நின்றேன். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் காட்டி, சர்க்கரைப் பொங்கலும் தின்றேன். ராகுகாலம் வந்துவிடுமோ என்று மூன்று தடவை மணி பார்த்தவன், வெட்டு எந்தப் பக்கம் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கதவு மாட்டி முடித்தபோது இன்ஸ்பெக்ஷனுக்கு நான்கு நாள் இருந்தது. முதல் கதவைத் தள்ளினேன், உள்ளே போனது. அடுத்ததும் உள்ளே போனது.

"ஆர்டர்ல என்ன போட்டிருக்கேன் அண்ணே?" என்று ஆசாரியிடம் கத்தினேன்.

"போட்டிருக்கீக. நெலை அப்படியில்ல நிக்கிது? நட்ட நெலைய நான் எப்படித் திருப்ப?"

கொத்தனார் பீடியை அணைத்தார். "என் பேப்பர்ல கதவுன்னு ஒரு எழுத்து இல்ல சார். வாசக்கதவு வெளிய தெறந்தா வர்ற லட்சுமிய வெரட்டுன மாதிரி ஆகாதா?"

எழுதிய காகிதப்படி இரண்டு பேரும் சரி. எழுதியவன்தான் முட்டாள். இடித்துத் திருப்பி வையுங்கள் என்று கெஞ்சினேன், காலில் விழாத குறை. பூசை போட்ட நிலையைப் பிடுங்கினால் விளங்காது என்று ஆள் ஆளுக்குக் கையை உதறினார்கள். எப்படியோ தாஜா செய்து, முன்னால் இருந்த இரண்டு ரூமை மட்டும் மாற்ற முடிந்தது.

முதலாளி அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஆபீசர் முன்னால ரெண்ட பாத்துட்டுப் போயிருவாரு. வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடு தம்பி. மீதிய சீசன் முடிஞ்சு பாத்துக்கிருவோம்."

பேனாவை எடுத்துவிட்டேன். பொய் சொல்வானேன், போட்டுத்தான் இருப்பேன். அந்த அக்காவுக்காகத்தான் போடுகிறோம் என்று மனசைச் சமாதானம்கூடச் செய்துகொண்டேன்.

அப்போது கடைசி ரூமிலிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அதே அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் ரூம்களைக் கூட்டிப்பெருக்க வந்திருந்தார்கள். ரூமுக்கு எதிரெதிரே இரண்டு கதவு; நாய் வராமலிருக்க ஒன்றை வெளியே தாழிட்டிருந்தோம். காற்றில் மற்றதும் சாத்திக்கொண்டது. எழுந்து ஓடினேன்.

"சார், வெளிய பூட்டிட்டீகளா?"

"இல்லக்கா, உள்பக்கமா இழுங்க!"

"எங்கன இழுக்க? இவளுக எம் முதுகு மேலல்ல ஏறி நிக்காளுக! ஏட்டி, பின்னால போங்கட்டி!"

ஒருவழியாகத் திறந்து, தலையெல்லாம் தூசியோடு சிரித்துக்கொண்டே வந்தார்கள். "நல்லாப் போட்டீக கதவு" என்று அக்கா கேலி செய்தார். நான் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். வெறும் தூசிக்கே அவ்வளவு நேரம். உள்ளே மருந்து இருந்திருந்தால்?

கையெழுத்துப் போடவில்லை. "நீ உருப்பட மாட்டே" என்றார் முதலாளி. இன்ஸ்பெக்ஷன் தள்ளிப்போனது. வெளியூர் ஆட்களை வைத்து மீதி நிலைகளைப் பெயர்த்துத் திருப்பி வைத்தோம். ஆபீசர் மறுபடி வரும்போது ஆடி கழிந்துவிட்டது. அதற்குள் காலேஜ் சேர்க்கையும் முடிந்திருந்தது. அக்கா கரி சுடும் மூட்டத்துக்கு விறகு வெட்டப் போனார். மகள் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலைக்குப் போனாள்.

ரூம் திறந்த அன்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பேனாவை எடுத்ததையும் சேர்த்து. தன் கரி படிந்த நகங்களைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க செஞ்சது சரிதான் சார். நானே உள்ள வெந்திருப்பேன்" என்றார். பிறகு தலையை நிமிர்த்தினார். "ஆனா அத எம் மககிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

நான் போகவில்லை.