தினம் போடும் மாத்திரை

வல்லத்தில் பத்து வருடமாக மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைத்துப் பிழைக்கும் ஹுசைன் பீக்குக் காசநோய். தொண்டு மருத்துவக் குழு தரும் மாத்திரைகளை நோயாளிகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று ஆய்வு செய்ய நான் படிவத்தோடு போயிருந்தேன்.

"மாத்திரை போடுறீங்களா அக்கா?"

"தினம் போட்டுடுறேம்மா."

டிக் அடித்தேன். ஹுசைன் பீயோடு கடலை உடைக்கும் அமுதா சிரித்தாள்.

"எங்க போடுதுன்னு கேளும்மா. மல்லாட்டைத் தோலோட குப்பையில போடுது!"

ஹுசைன் பீ தலை நிமிரவில்லை. "வெறும் வயித்துல முழுங்கினா வாந்தி வருது. வாந்தி எடுத்தா வேலைக்கு வராதன்றாங்க. இன்னா பண்றது?"

பட்டம் வாங்கிய எனக்குப் 'போடுறேன்' என்ற சொல்லின் இன்னொரு பொருள் தோன்றவே இல்லை. இதே பதிலுக்கு ஏற்கெனவே அறுபது டிக் அடித்திருந்தேன். அவர்களில் எத்தனை பேர் விழுங்கினார்கள்?

"சாப்ட்ட பிறகு முழுங்கலாமான்னு டாக்டரக் கேட்டுச் சொல்றேன்கா."

"சீக்கிரம் கேளு," என்றாள், இருமிக்கொண்டே.

அந்த அறுபது வீடுகளுக்கும் மறுபடி கிளம்பினேன்.